அடிக்கோடு

குரோனிங்கனில் ஜனவரி. மாலை நாலரைக்கே
சைக்கிள் விளக்குகள் எரியத் தொடங்கிவிடும்.
மூன்றாம் மாடியில் நான் ஒரு விண்மீனின்
வெப்பத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.
சூரியனில் பத்தில் ஒரு பங்கு எடை.
பெயரில்லை, பட்டியலில் எண் மட்டும்.
சுற்றிலும் தூசும் வாயுவுமாய் ஒரு வட்டு;
இன்னும் எதுவும் உருண்டு திரளவில்லை அதில்.
கோள் பிறக்குமுன்னே
கோள் சொல்ல வந்துவிடுகிறது அகச்சிவப்பு:
இன்ன மூலக்கூறு இருக்கிறது, இன்னது இல்லை,
இத்தனை சூட்டில் நடுங்குகிறது என்று.

நான் கேட்டது தண்ணீரை.
தொலைநோக்கி நேரத்துக்குப் போட்ட விண்ணப்பத்தில்
தலைப்பே அதுதான்.
கடலை வெளியே இறைத்து இறைத்தே
வயலும் வீடும் கண்டவர்கள் எங்கள் ஊரார்;
நானோ நானூறு ஒளியாண்டுக்கு அப்பால்
ஒரு கரண்டி ஆவிக்குக் கையேந்தினேன்.
ஆறரை மைக்ரானில் இல்லை.
பதினேழில் இல்லை.
சலித்துப் பார்த்தேன், இரைச்சல் மிஞ்சியது.
பதினைந்துக்குச் சற்று முன்னே
கரியமில வாயு மட்டும் ஒரு குச்சிபோல் நின்றது.

ஞாயிறன்று லொப்பர்சம் போனேன்.
வீட்டை அளக்க வந்தவனுக்கு
அப்பா காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.
ரிம்மர் என்று பெயர். இது ஒன்பதாவது வருகை.
எங்கள் காலடியில் கிடந்த எரிவாயுவை
அறுபது ஆண்டு உறிஞ்சிய பிறகு
தரை கொஞ்சம் கொஞ்சமாய் இறங்குகிறது;
அது புரண்டு படுக்கும்போதெல்லாம் செங்கல் சுவர்
ஒரு புதுக்கோடு போட்டுக்கொள்கிறது.
கோட்டுக்குக் கோடு ரிம்மர் ஒட்டிய
கண்ணாடித் தகடு, மில்லிமீட்டர் கட்டங்களோடு.
“புள்ளி மூன்று. போன தடவை இரண்டு.”
எழுதிக்கொண்டே கேட்டான்:
“சமையலறையில் விரிசலே இல்லையே?”
“சமையலறையே விரிசல்தான்,” என்றார் அப்பா,
“தோட்டத்தில் போய் நின்று பார்.”
போய்ப் பார்த்தோம்.
பின்னால் கட்டிச் சேர்த்த அந்த அறை மொத்தமும்
வீட்டைவிட்டு இரண்டு விரற்கடை விலகி நின்றது.
உள்ளே ஒரு கீறல்கூட இல்லாமல்,
ஒரே துண்டாக,
கோபித்துக்கொண்டு நிற்கும் சம்பந்தியைப் போல.

திரும்பும் ரயிலில், பெடம் தாண்டியதும்,
வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது.

நிறமாலைக்கு அடியில் ஒரு கோடு போடுவோம்.
அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தூசின் சாதாரணக் கனப்பு,
கழித்துவிடு என்பது வழக்கம்.
ஏழரைக்கு அப்பால் ஒரு மேடு இருந்தது.
பதினாலுக்கு முன்னும் பின்னும் இன்னொன்று.
வாயுவுக்கு இத்தனை அகலம் ஏது என்று
என் கோட்டை அந்த முதுகுகளின் மேலேயே ஏற்றி
இரண்டையும் மழித்திருந்தேன்.
நானேதான். எல்ட்யே வியர்டா, கையெழுத்தோடு.

இரவு பதினொன்றுக்குக் கட்டடத்தைத் திறந்து
கழித்ததைத் திரும்பக் கூட்டினேன்.
அசிட்டிலீன்.
கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே
வெளிச்சம் நுழைய இடமில்லாத அளவுக்கு.
திருவிழாக் கூட்டத்தில் முகம் தேடுகிறவன்
கூட்டத்தைச் சுவர் என்று நினைத்த கதை.
அதன் தோளில் பென்சீன், ஒரே ஊசி.
தள்ளி மீத்தேன்,
எங்கள் பழைய அடுப்பின் நீலச் சுடருக்கு நெருங்கிய சொந்தம்.
ஆக்சிஜன் எங்கே போனது என்று தெரியவில்லை.
பனிக்கட்டியாய் முன்பே உள்ளே சரிந்து
விண்மீனுக்கு இரையாகியிருக்கலாம்.
இருக்கலாம் என்றுதான் எழுத முடியும்.

அப்பாவுக்குப் போன் செய்தேன், தூங்கியிருக்கவில்லை.
“வாயுவா? எவ்வளவு?”
“நம் கடலை எல்லாம் நிரப்பி மிஞ்சும்.”
“எரியுமா?”
“எரிய ஆக்சிஜன் வேண்டுமே, அங்கே இல்லை.”
கொஞ்ச நேரம் அவர் மூச்சு மட்டும் கேட்டது.
“அப்ப சரி,” என்றார்,
“யாரும் தோண்ட வரமாட்டார்கள்.”

மணி இரண்டு. ஜன்னலில் ஆலங்கட்டி.
அடிக்கோட்டை இறக்கி, மறுபடி இறக்கி,
எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்
சேமித்துவிட்டு எழுந்தேன்.
கோப்பின் பெயர் இன்னும்
‘தண்ணீர், ஏழாம் வரைவு’ என்றே இருக்கிறது.